எல்லாம் உஷ்ணம்தான்

சொறிய வேண்டும் போல இருக்கும்போது சொறியாமல் இருப்பதும் ஒரு வேலைதான். அதற்கு யாரும் சம்பளம் தருவதில்லை. மண்டியாவுக்கு வெளியே, கரும்புத் தோட்டங்களை ஒட்டி இருக்கும் ‘நெம்மதி’ முதியோர் இல்லத்தில் புட்டலட்சுமி இரண்டு மாதமாக அந்த வேலையையும் சேர்த்துத்தான் பார்த்துவந்தாள்.

விரலிடுக்கில், மணிக்கட்டில், சேலை கட்டும் இடத்தில் அரிப்பு. பகலில் எப்படியோ சமாளித்துவிடலாம். படுத்தால் போதும், உடம்பு முழுக்க எறும்பு விட்ட மாதிரி ஆகிவிடும். கூட வேலை பார்க்கும் ரேகாவுக்கும் அதே கதை. மேலாளர் மஞ்சுளா மேடத்திடம் போய்ச் சொன்னால் ஒரே பதில்.

“உஷ்ணம். மோர் குடிங்க.”

அந்தப் பக்கத்தில் அப்படித்தான். தலைவலி, வயிற்றுவலி, கண்ணெரிச்சல், மாமியார் மேல் வரும் கோபம் எல்லாமே கடைசியில் உஷ்ணத்தில்தான் போய் முடியும்.

முந்தாநாள் வந்த டாக்டரம்மா மட்டும் அப்படிச் சொல்லவில்லை. சின்னப் பெண், வந்து ஒரு மாதம்கூட ஆகாதவள். ரேகாவின் கையைப் புரட்டிப் பார்த்தாள். புட்டலட்சுமியின் கையைப் பார்த்தாள். பிறகு ஜன்னலோரக் கட்டிலில் படுத்திருந்த வெல்லத் தாத்தாவின் பாதத்தைப் பார்த்தாள். அந்தப் பாதம் பழைய சுவரின் சுண்ணாம்பு மாதிரி செதில் செதிலாக உதிர்ந்துகொண்டிருந்தது. வயசான தோல், வறட்சி என்று நினைத்துத் தினமும் தேங்காய் எண்ணெய் தேய்த்து, வெறும் கையால் உருவிவிட்டவள் புட்டலட்சுமி.

“இது வறட்சி இல்ல. கஜ்ஜி” என்றாள் டாக்டரம்மா.

கஜ்ஜி. சொறி சிரங்கு. அந்த ஊரில் தெருநாயைக் கல்லால் அடிக்கும்போது சொல்லும் வார்த்தை.

“முத்திப்போன கஜ்ஜி. இவருக்கு அரிப்பே தெரியாது, ஆனா தொட்டவங்களுக்கெல்லாம் ஒட்டிக்கும். இங்க இருக்கிற எல்லாரும், அவங்கவங்க வீட்டுல இருக்கிறவங்களும், ஒரே ராத்திரியில மருந்து தடவிக்கணும். ஒருத்தர விட்டாலும் திரும்ப வந்துரும்.”

டாக்டரம்மாவை வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து, மஞ்சுளா மேடம் கதவைச் சாத்தினாள்.

“குளிப்பாட்டுற பொண்ணுங்களுக்கே கஜ்ஜின்னு வெளிய தெரிஞ்சா, எந்தப் பிள்ளையும் தன் அப்பன் ஆத்தாள இங்க விடமாட்டான். கேட்டா உஷ்ணம்னு சொல்லுங்க. புரிஞ்சுதா?”

ஆளுக்கு ஒரு களிம்புக் குழாய் கிடைத்தது. ஒரு குழாய் ஒரு உடம்புக்குத்தான் காணும். புட்டலட்சுமியின் பையில் அது மூடிகூடத் திறக்காமல் கிடந்தது. எப்படித் திறப்பாள்? கணவன் தேவராஜு லாரியை எடுத்துக்கொண்டு புனே பக்கம் போனதிலிருந்து அவள் அம்மா வீட்டில் இருக்கிறாள். தங்கை சைத்ராவுக்கு ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். அக்காவும் தங்கையும் ஒரு மாதமாக ஒரே போர்வைக்குள் படுத்துக்கொண்டு விடிய விடியக் கதை பேசியிருக்கிறார்கள்.

நாலு வருஷம் அலைந்து கூடிவந்த சம்பந்தம். இந்த நேரத்தில் வாயைத் திறந்து கஜ்ஜி என்று சொல்வதா? சொல்லாமல், தங்கச்சிக்குச் சீரோடு சீராக அதையும் கொடுத்து அனுப்புவதா? இரண்டு நாளாக இதே யோசனை. யோசிக்க யோசிக்க அரித்தது.

புதன்கிழமை காலையில் ரேகா வரவில்லை. தாத்தாவைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். இருந்தது ஒருத்தி.

கையுறைகள் கொடியில் காய்ந்துகொண்டிருந்தன. போட்டதும் தூக்கி எறிய வேண்டியதைத் துவைத்துக் காயப்போடச் சொன்னது மஞ்சுளா மேடத்தின் சிக்கனம். ஒன்றில் கட்டைவிரல் கிழிந்திருந்தது. முந்தாநாள்வரை புட்டலட்சுமி அதைக்கூடப் போட்டதில்லை. வெறும் கை பட்டால்தான் பெரியவர்களுக்குச் சுகம் என்று அவளுக்கு ஒரு பெருமை வேறு. அந்தப் பெருமை இப்போது விரலிடுக்கில் ஊறிக்கொண்டிருந்தது.

“லட்சுமி, எங்கயோ ஆலை ஓடுது. வெல்லம் இறக்குறாங்க. வாசனை வருதா?” என்றார் தாத்தா. வாழ்நாள் முழுக்கக் கரும்பாலையில் வெல்லம் காய்ச்சியவர். சோறு வைத்தாலும் மருந்து வைத்தாலும் தொட்டுக்கொள்ள வெல்லம் கேட்பார். அதனால்தான் அந்தப் பெயர்.

“வருது தாத்தா.” வந்தது பினாயில் வாசனை.

“இன்னிக்கு என்னைக் கூட்டிட்டுப் போறாங்க. பேரனுக்குக் கல்யாணம்.”

“சரி தாத்தா. காலைத் தூக்குங்க.”

போன வாரம் தனக்கே கல்யாணம் என்றார் அவர். அதனால் அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அக்குளில் கை கொடுத்து அவரைச் சக்கர நாற்காலிக்கு மாற்றும்போது அவள் இடுப்பில் சுருக்கென்றது. அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பக்கத்துக் கட்டில் அம்மாள் நேற்று அறைந்த கன்னம் வேறு இன்னும் கனத்தது. பெற்ற மகளையே அடையாளம் தெரியாத மனுஷி, அவளைக் கோபித்துக்கொண்டு என்ன ஆகப்போகிறது.

“லட்சுமி! வெல்லத் தாத்தாவ வாசலுக்குக் கொண்டு வா. வீட்டுலேர்ந்து வந்திருக்காங்க!” என்று மஞ்சுளா மேடம் கூப்பிட்டாள்.

அட, மனுஷன் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார். மூன்று மாதமாக எட்டிப் பார்க்காத வீடு, இன்றைக்கு எங்கிருந்து வந்தது? நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

கார்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றவன் யோகேஷ். ஞாயிற்றுக்கிழமை சைத்ராவின் கழுத்தில் தாலி கட்டப்போகிறவன்.

அவன் அவளுடைய நீலக் கோட்டைப் பார்த்தான். கிழிந்த கையுறையைப் பார்த்தான்.

“அக்கா... நீங்க மைசூர்ல, பெரிய ஆஸ்பத்திரியில நர்ஸுன்னு...”

“உங்க தாத்தா பெங்களூர்ல, பெரியப்பா வீட்டுலன்னு...”

இரண்டு பேருமே முடிக்கவில்லை. நர்ஸ் என்று அளந்துவிட்டது அவள் அம்மா. பெங்களூர் என்று அளந்துவிட்டது அவன் அம்மா. நிச்சயதார்த்தத்தன்று இரண்டு பொய்யும் ஒரே பந்தியில் உட்கார்ந்து ஒப்பட்டுப் போளி சாப்பிட்டிருக்கின்றன.

யோகேஷ்தான் முதலில் சுதாரித்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

“தப்பா நினைக்காதீங்கக்கா. தாத்தா இடுப்பு எலும்பு முறிஞ்சு ஆஸ்பத்திரியில கிடந்தார். வீட்டுக்கு வந்ததும் தோல் உதிர ஆரம்பிச்சிருச்சு. சம்பந்தம் பேச வர்றவங்க பார்த்தா என்ன நினைப்பாங்கன்னு அம்மாவுக்குப் பயம். பெரியப்பாதான் இங்க கொண்டுவந்து சேர்த்தார். நீங்க என்னைப் பார்க்கல, நான் உங்களைப் பார்க்கல. சரியா?”

பேசிக்கொண்டே கடிகாரப் பட்டைக்கு அடியில் விரலை விட்டு நன்றாகச் சொறிந்தான். அந்தச் சொறிதல் புட்டலட்சுமிக்குத் தெரியும்.

“தாத்தாவோட தோலு... அது வந்து...”

“உஷ்ணம்தான் சார்!” என்று பின்னாலிருந்து மஞ்சுளா மேடத்தின் குரல் வந்தது. “வயசானா அப்படித்தான். மோர் நிறையக் குடுங்க.” சிரித்துக்கொண்டே சொன்னாள். பார்வை மட்டும் புட்டலட்சுமி மேல் நின்றது.

புட்டலட்சுமி எச்சிலை விழுங்கினாள். அதோடு சேர்த்து வார்த்தையையும்.

யோகேஷ் குனிந்து தாத்தாவை அப்படியே அள்ளித் தூக்கினான். அரைக்கைச் சட்டை. தாத்தாவின் கன்னம் அவன் கழுத்தில் பட்டது.

“லட்சுமி, நீயும் வா. இவனுக்குத் தூக்கத் தெரியல” என்றார் தாத்தா.

கார் போய்விட்டது. அந்த வீட்டில் அவர்தான் மூத்தவர். ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் மணமக்கள் முதல் கைக்குழந்தைவரை எல்லோரும் அந்தக் காலைத் தொட்டுத்தான் கும்பிடுவார்கள். புட்டலட்சுமிக்கு அது உறைத்தபோது புழுதிகூட அடங்கிவிட்டிருந்தது.

பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, வளையல் சாஸ்திரத்துக்குக் கொஞ்சம் முன்னால்தான் வீடு போய்ச் சேர்ந்தாள். கூடத்தில் ஜமக்காளம் விரித்து, தாம்பாளங்களில் வெற்றிலை, பூ, வாழைப்பழம் எல்லாம் எடுத்து வைத்திருந்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள் கோசம்பரிக்கு வெள்ளரி நறுக்குகிறோம் என்று ஊர்க் கதையை நறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

சைத்ரா உள்ளறையில் பச்சைச் சேலை கட்டிக்கொண்டு நின்றாள். அக்காவைப் பார்த்ததும் கையை நீட்டினாள்.

“பாருக்கா. விரலிடுக்கெல்லாம் பொரிப்பொரியா. ராத்திரியெல்லாம் தூக்கமே இல்ல. கல்யாணப் பதட்டத்துல உஷ்ணம் ஏறிடுச்சுன்னு அவ்வா தலையில விளக்கெண்ணெய் வச்சாங்க. அதுக்கும் கேக்கல.”

புட்டலட்சுமி அந்தக் கையைத் தொடப்போய், தன் கையை இழுத்துக்கொண்டாள். நான் தந்ததுடி இது. உனக்கு நான் செய்த சீர் இதுதான்.

நேரே அடுக்களைக்குப் போனாள். அவ்வா, அதாவது அவர்களுடைய அம்மா சாகம்மா, பானகத்தில் ஏலக்காய் தட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

“அவ்வா, ஒரு விஷயம். சைத்ராவுக்கு வந்திருக்கிறது உஷ்ணம் இல்ல. கஜ்ஜி. எனக்கும் அதான். இல்லத்துல ஒட்டிக்கிட்டது.”

அவ்வாவின் கையில் இருந்த குழவி நின்றது.

“வாய மூடு.”

“மருந்து இருக்கு அவ்வா. பெரிய வியாதி ஒண்ணும் இல்ல. இன்னிக்கு ராத்திரியே எல்லாரும் தடவிக்கிட்டா...”

“வாய மூடுன்னு சொன்னேன். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க தெருமுனையில வந்துட்டாங்க. கஜ்ஜி வீட்டுப் பொண்ணுன்னு பேர் வந்தா அவ எங்க போவா? இன்னும் நாலு நாள். தாலி ஏறட்டும், அப்புறம் எதைத் தடவணுமோ தடவிக்கலாம்.”

“அதுக்குள்ள மஞ்சள் சாஸ்திரத்துல ஊரே அவ உடம்புல கை வைக்கும்.”

“வைக்கட்டும். மஞ்சள் நல்ல மருந்துதான்.” அவ்வாவுக்குக் கண் கலங்கிவிட்டது. “உன்னை அந்த வேலைக்கு அனுப்பினது என் புத்தி. நர்ஸுன்னு சொல்லிச் சமாளிச்சதும் நான்தான். இதையும் நானே சமாளிச்சுக்கிறேன். நீ கையை மட்டும் காட்டாம இரு, தாயே.”

புட்டலட்சுமிக்குக் கோபம்கூட வரவில்லை. அதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே. கூடத்தின் மூலையில் போய், முந்தானைக்குள் கையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

யோகேஷின் அம்மா நாகரத்னம்மா நாலைந்து பெண்களோடு வந்து இறங்கினாள். நல்ல உயரம், கணீர்க் குரல். வரும்போதே பேசிக்கொண்டு வந்தாள்.

“சாகம்மா, நல்ல சேதி! மாமனார் பெங்களூர்ல இருந்து வந்துட்டார். பயணக் களைப்பு, படுத்திருக்கார். நாளைக்கு எல்லாருமா வந்து அவர் காலைத் தொட்டு ஆசீர்வாதம் வாங்கிட்டுப் போயிடுங்க.”

“பாக்கியம், பாக்கியம்” என்றாள் அவ்வா.

பெங்களூராம். காலையில்தானே அவரைச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டினேன் என்று புட்டலட்சுமி நினைத்துக்கொண்டாள். வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள்.

வளையல்காரி சென்னம்மா பெட்டியைத் திறந்தாள். பச்சைக் கண்ணாடி வளையல்கள் கட்டுக் கட்டாக மின்னின. அந்தத் தொழிலுக்குக் கண் பாதி, கை பாதி. விரல்களை ஒன்றாகக் குவித்து, கட்டைவிரல் மூட்டை அமுக்கி, பிசைந்து பிசைந்துதான் வளையலை ஏற்ற வேண்டும். முதலில் மணப்பெண், அப்புறம் அம்மா, அக்கா, பிறகு சம்பந்தி வீட்டார், அப்புறம் வந்த பெண்கள் எல்லோரும். ஒரே கை எல்லாக் கைகளையும் பிடிக்கும்.

சைத்ராவின் கையைப் பிடித்ததும் சென்னம்மா வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

“என்னம்மா இது, விரலிடுக்குல இப்படிப் பொரிஞ்சு கிடக்கு?”

அவ்வா முந்திக்கொண்டாள். “உஷ்ணம்!”

“ஆமா, ஆமா, உஷ்ணம்” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. “வெந்தயம் ஊற வச்சுக் குடிக்கச் சொல்லுங்க.”

“வெந்தயமா? தொப்புள்ல விளக்கெண்ணெய் வைக்கணும்.”

“என் நாத்தனாருக்கு இப்படித்தான் வந்துச்சு. ராகி அம்பலி குடிச்சா, போயே போச்சு.”

எல்லோரையும் அமுக்கிக்கொண்டு நாகரத்னம்மாவின் குரல் எழுந்தது. “கல்யாணப் பொண்ணுன்னா உஷ்ணம் இருக்காதா? இதையெல்லாம் ஒரு பேச்சுன்னு... வளையலைப் போடு சென்னம்மா.”

சொல்லிக்கொண்டே அவள் இடது கை சேலைக் கொசுவத்துக்குள் போனது. யாருக்கும் தெரியாமல் இரண்டு இழுப்பு. முகம் மட்டும் சிரித்தபடி இருந்தது.

புட்டலட்சுமிக்குத் தெரிந்தது. இரண்டு மாதமாக அவள் பழகி வைத்திருக்கிற அதே வித்தை. தாத்தாவை இல்லத்துக்கு அனுப்பும் முன்னால் இவள்தானே அவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பாவம், இவளும் எத்தனை ராத்திரி தூங்கவில்லையோ.

சைத்ராவுக்குப் போட்டாயிற்று. அவ்வாவுக்கும் போட்டாயிற்று.

“அக்கா வாங்க. முத்தைதே, சுமங்கலி, கை நிறையப் போட்டுக்கணும்” என்று சென்னம்மா கையை நீட்டினாள்.

“அவளுக்கு அப்புறம் போட்டுக்கலாம்” என்றாள் அவ்வா அவசரமாக.

“அதென்ன அப்புறம்? மூத்த பொண்ணு முதல்ல போடட்டும்” என்றாள் நாகரத்னம்மா.

எல்லோரும் பார்த்தார்கள். அவ்வாவின் கண் கெஞ்சியது. சென்னம்மாவின் கை காற்றில் காத்திருந்தது. காலையில் ஒருதரம் விழுங்கியாயிற்று. விழுங்கியதன் பலன் இந்நேரம் யோகேஷ் வீட்டுக் கட்டிலில் படுத்திருக்கிறது. இன்னொரு தரம் விழுங்க புட்டலட்சுமிக்கு முடியவில்லை. அலுப்பு. அவ்வளவுதான். வீரம் எல்லாம் ஒன்றும் இல்லை.

முந்தானையிலிருந்து கையை எடுத்து முழங்காலில் விரித்து வைத்தாள்.

“என் கையைத் தொடாதீங்க சென்னம்மா. இது உஷ்ணம் இல்ல. கஜ்ஜி. சைத்ராவுக்கு வந்ததும் கஜ்ஜிதான். என்கிட்ட இருந்துதான் அவளுக்கு ஒட்டுச்சு.”

வெள்ளரி நறுக்கிய கத்திகூட நின்றுவிட்டது. சென்னம்மா கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள். அவ்வா நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

“கெட்டுச்சு குடி! பெத்த வயித்துல நெருப்ப வச்சுட்டாளே!”

நாகரத்னம்மா எழுந்து நின்றாள். “கஜ்ஜியா? நர்ஸுன்னு சொன்னீங்களே சாகம்மா! நர்ஸுக்குக் கஜ்ஜி எங்கிருந்து வரும்?”

“நான் நர்ஸ் இல்லீங்க. நெம்மதி இல்லத்துல ஆயா. பெரியவங்கள குளிப்பாட்டுறது, துடைக்கிறது, தூக்கிப் படுக்க வைக்கிறது.” புட்டலட்சுமி அவளை நிமிர்ந்து பார்த்தாள். “மைசூர்ல நான் இல்ல. உங்க மாமனார் பெங்களூர்ல இல்லாத மாதிரிதான். இன்னிக்குக் காலையில வெல்லத் தாத்தாவுக்குத் தலை துவட்டி, யோகேஷ் கார்கிட்ட கொண்டு வந்து விட்டது நான்தான்.”

நாகரத்னம்மாவோடு வந்த பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள்.

“உங்களைக் குத்திக்காட்ட சொல்லலீங்க. தாத்தாவுக்கு ஆஸ்பத்திரியில ஒட்டியிருக்கும். அங்கிருந்து உங்க வீடு, உங்க வீட்டுல இருந்து எங்க இல்லம், இல்லத்துல இருந்து என் கை, என் கையில இருந்து என் தங்கச்சி. யாரும் வேணும்னு குடுக்கல. வாயைத் திறக்காததுதான் எல்லாரும் செஞ்ச தப்பு. நாளைக்கு யாரும் தாத்தா காலைத் தொடாதீங்க. அது ஒண்ணுதான் நான் கேக்கிறது.”

“அப்ப கல்யாணம்?” என்றாள் சைத்ரா. வளையல் கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டிருந்தாள்.

“டாக்டரம்மா சொன்னது இதான். இன்னிக்கு ராத்திரி ரெண்டு வீட்டுலயும் எல்லாரும் கழுத்துலேர்ந்து கால்வரைக்கும் மருந்து தடவிக்கிட்டுப் படுக்கணும். காலையில குளிச்சு, துணிமணி, போர்வையெல்லாம் கொதிக்கிற தண்ணியில போட்டு வெயில்ல காய வைக்கணும். அடுத்த வாரம் இன்னொரு தடவை. அரிப்பு இன்னும் கொஞ்ச நாள் இருக்கும், ஆனா மத்தவங்களுக்கு ஒட்டாது. மஞ்சள் சாஸ்திரத்த வெள்ளிக்கிழமைக்குத் தள்ளி வச்சா போதும். தாத்தாவுக்கு மட்டும் ஒரு தடவையில தீராது. அவர டாக்டர் பார்க்கணும்.”

“எனக்கும் ஒட்டியிருக்குமா தாயே?” என்றாள் சென்னம்மா. கையை மடியில் வைக்கவும் தோன்றாமல் தனியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். “இது கல்யாண மாசம். தினம் ஒரு வீடு. நான் இந்தக் கைய வச்சுக்கிட்டு இனி எந்த வீட்டுக்குப் போவேன்?”

“கொஞ்ச நேரம் பிடிச்சதுல ஒட்டறது அபூர்வம். ஆனா நீங்களும் தடவிக்கங்க. என் குழாய நீங்க எடுத்துக்கங்க.” பையிலிருந்து அந்தக் களிம்பை எடுத்து ஜமக்காளத்தில் வைத்துத் தள்ளினாள்.

அவ்வா மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

நாகரத்னம்மா மெதுவாக ஜமக்காளத்தில் உட்கார்ந்தாள். அந்தக் கணீர்க் குரல் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

“சங்கராந்தியிலிருந்து நான் தூங்கல. ஒவ்வாமைன்னு ரெண்டு டாக்டர் மருந்து குடுத்தாங்க. பாவம் பண்ணிட்டேன், மாமனார அனுப்பினதுக்குத் தண்டனைன்னு சாமிக்கு முடிஞ்சு வச்சேன்.” தலையைக் குனிந்துகொண்டாள். “சரி. மருந்து வாங்கிடலாம். ஆனா அவருக்கு யாரு தடவுறது? உன்னைத்தான் கேக்கிறாராம், வந்ததுலேர்ந்து லட்சுமி எங்க, லட்சுமி எங்கன்னு. நீ ஒரு நடை வந்து...”

எல்லோரும் புட்டலட்சுமியைப் பார்த்தார்கள். இப்போதுதான் கஜ்ஜிக்காரி என்று விலகி உட்கார்ந்தவர்கள்கூடப் பார்த்தார்கள். அவ்வாவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. போ, போய் ஒரு தடவை தடவிவிட்டு வா, கல்யாணம் நடந்துவிடும் என்று கண்ணாலேயே சொன்னாள்.

இடுப்பு சுருக்கென்றது. புட்டலட்சுமி அசையவில்லை.

“வரேன். வந்து எப்படித் தடவணும்னு சொல்லித் தரேன். நல்ல கையுறையும் வாங்கிட்டு வரேன். தடவுறது யோகேஷ்.”

“ஆம்பளப் பிள்ளையா?”

“காலையில அவர்தானே தூக்கினார். அவரோட தாத்தாதானே.”

நாகரத்னம்மா தயங்கினாள். வேண்டாம் என்று மட்டும் சொல்லவில்லை.

புட்டலட்சுமி இடது கை விரல்களை விரித்து, வலது கை நகத்தால் விரலிடுக்கில் சொறிந்தாள். ஒளிக்காமல், அத்தனை பேர் முன்னால், ஆசை தீரச் சொறிந்தாள். சொறிந்தால் புண்ணாகும் என்று அவளுக்குத் தெரியும். ஆகட்டும். இரண்டு மாதத்தில் அவளுக்குக் கிடைத்த சுகம் அது ஒன்றுதான். கொஞ்சம் பொறுத்து நாகரத்னம்மாவும் வெட்கத்தை விட்டு இடுப்பில் கையை வைத்தாள். சைத்ராவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. வளையல்கள் கலகலக்க அவளும் சொறிந்தாள்.

அப்போதுதான் புட்டலட்சுமியின் பைக்குள் போன் அடித்தது. சைத்ரா எடுத்துப் பார்த்தாள்.

“உங்க மேடம்க்கா.”

“ஸ்பீக்கர்ல போடு. என் கையால தொட வேணாம்.”

மஞ்சுளா மேடத்தின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது.

“லட்சுமி, ரேகா வேலைய விட்டுட்டா. நீ ராத்திரி டூட்டிக்கு வந்துடு, வேற ஆள் இல்ல. அப்புறம், காலையில அந்தப் பையன்கிட்ட என்னமோ சொல்ல வாயெடுத்தியே, அதெல்லாம் வச்சுக்காத. முத்திப்போன கஜ்ஜின்னு தெரிஞ்சே அனுப்பினோம்னு வெளிய வந்தா நம்மள சும்மா விடமாட்டாங்க. அந்த வீட்டுல யாராவது கேட்டா என்ன சொல்லணும்னு ஞாபகம் இருக்கில்ல? உஷ்ணம். சொல்லு பார்ப்போம்.”

புட்டலட்சுமி வாயைத் திறப்பதற்குள் நாகரத்னம்மா கையை நீட்டினாள். குரல் திரும்ப வந்திருந்தது.

“இங்க குடு அந்த போன.”